வாசகர் கேள்வி – பதில்: மே மாத வெயிலில் தனியாக ஒரு மலை

கேள்வி: எனக்கு வயது 44. உட்கார்ந்தே செய்யும் அலுவலக வேலை. வரும் செப்டம்பரில் கிளிமஞ்சாரோ மலையில் மச்சாமே பாதை வழியாக ஏறுவதற்கு முன்பணம் கட்டிவிட்டேன். துணைக்கு ஆள் அமையவில்லை. ஆகவே, மே மாத ஞாயிறு ஒன்றில் தனியாக மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாய் ஏறி அன்றே திரும்பிவிடலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். போகலாமா?
— வாசகி, செம்பூர், மும்பை

பதில்: போகலாம். ஆனால் தனியாக ஏறும் முதல் மலையாகக் கல்சுபாயை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் வீட்டார் தனிமையை நினைத்து அஞ்சுகிறார்கள். நான் கடிகாரத்தை நினைத்து அஞ்சுகிறேன். விடியுமுன் முதல் லோக்கலில் ஏறினாலும் காசாரா ரயில் நிலையத்தில் இறங்கும்போது வெளிச்சம் வந்திருக்கும். அங்கிருந்து வண்டி பிடித்து மலையடிவாரத்துப் பாரி கிராமத்தை அடைய ஒன்றரை மணி நேரமாவது ஆகிவிடும். ஆக, ஒன்பது மணி வாக்கில் ஏறத் தொடங்கி, வெயில் உச்சியில் நிற்கும்போது நீங்களும் 1,646 மீட்டர் உச்சியில் நிற்பீர்கள். சஹ்யாத்திரியின், அதாவது இங்குள்ள மேற்குத் தொடர்ச்சி மலையின், கரும்பாறை காலையில் வாங்கிய சூட்டை நண்பகலில் திருப்பித் தருவது. ஒரு மே மாதத்தில் பதினொரு மணிக்கு அந்த மலையின் இரும்பு ஏணியில் கை வைத்துவிட்டு உடனே எடுத்தவன் நான். பிறகு கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் பிடித்து ஏறினேன். இரும்பே இப்படி என்றால் உடம்பு என்ன ஆகும் என்று அன்றைக்கு யோசிக்காதது என் தவறு.

உங்களுக்கு முன்னால் இருக்கும் மலை என்ன கேட்கிறது என்று முதலில் பார்ப்போம். மச்சாமே பாதையில் உச்சிக்குப் புறப்படும் இரவில், 4,670 மீட்டர் உயரத்தில் உள்ள பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவு வாக்கில் கிளம்பி 5,895 மீட்டர் வரை ஏறுகிறார்கள். இது ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம். எல்லாரும் இதை நினைத்தே கவலைப்படுகிறார்கள். அதே நாளில் பெரும்பாலான குழுக்கள் 3,100 மீட்டர் அளவில் உள்ள முவேகா முகாம் வரை இறங்கிவிடுகின்றன என்பதை, அதாவது 2,800 மீட்டர் இறக்கம் காத்திருக்கிறது என்பதை, முன்பணம் கட்டும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மூச்சு முட்டினால் நின்று வாங்கிக்கொள்ளலாம். தொடை நடுங்கத் தொடங்கிவிட்டால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஆகவே இறக்கத்துக்குப் பழகுங்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பளுவைத் தாங்குவதால் அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு வலி எடுக்கும். ஆனால் அந்த வலியை ஒருமுறை அனுபவித்த தசைக்கு, சில வாரங்களுக்குள் மறுபடியும் இறங்கினால் அவ்வளவு வலிப்பதில்லை. இதற்கு மலைகூட வேண்டாம். செம்பூரில் பழைய கட்டடங்களை இடித்து எழுப்பிய உயர்ந்த அடுக்குமாடிகளுக்குக் குறைவில்லை. மாடிக்கு 3 மீட்டர் என்று கொண்டால், இருபது மாடியை இருபது முறை ஏறினால் உங்கள் உச்சி இரவின் 1,200 மீட்டர் ஏற்றம் கணக்காகிவிடும். முதல் இரண்டு வாரம் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குங்கள். பிறகு படியிலேயே இறங்கத் தொடங்கி, ஐந்தாறு கிலோ பையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மீதிச் சுமையைச் சுமையாளர்கள் தூக்குவார்கள் என்பதால் அங்கே உங்கள் முதுகில் இருக்கப்போவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். (கட்டடத்துக் காவலாளியிடம் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மூன்றாம் சுற்றில் அவரே வந்து விசாரிப்பதைவிட அது நல்லது.)

தனியாக நடக்க வேண்டும் என்ற ஆசைக்கு, நேரல் ரயில் நிலையத்திலிருந்து மாத்தேரான் மலையூருக்குப் போகும் ஏற்றத்தைச் சொல்வேன். குர்லாவில் மாறி முதல் கர்ஜத் லோக்கலைப் பிடித்தால் வெயில் ஏறுமுன் நேரலில் இறங்கிவிடலாம். அங்கிருந்து சுமார் 750 மீட்டர் ஏற்றம். தஸ்தூரி நாக்கா வரை தார்ச்சாலை. அதற்கு மேல் காருக்கும் பைக்குக்கும் அனுமதி இல்லாத செம்மண் பாதை. 1907 முதல் ஓடும் பொம்மை ரயிலின் தண்டவாளத்தில் நடக்க ஆசை வரும். வேண்டாம், சாலையிலேயே போங்கள். வண்டிகள் போவதும் வருவதும் தொந்தரவுதான், ஆனால் தலை சுற்றினால் கைகாட்டி நிறுத்த அந்த வண்டிகள்தான் இருக்கும்.

இதில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெப்பம் மூளையைத் தாக்கும்போது முதலில் தடுமாறுவது நிதானம். கூட ஒருவர் இருந்தால் உங்கள் பேச்சு குழறுவதைக் கவனிப்பார், தனியாகப் போகிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே திரும்பும் நேரத்தை மலையில் நின்று முடிவு செய்யாமல் வீட்டிலேயே முடிவு செய்து, எழுதி, வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். ஒன்பதரை என்றால் ஒன்பதரை. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். பதினொன்றரைக்குள் உங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் 112-ஐ அழைக்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். பிறகு கல்சுபாய் போக விரும்பினால், முதல் நாள் மாலையே பாரிக்குப் போய்த் தங்கி, ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு அதிகாலை நான்கு மணிக்கு ஏறுங்கள். தலைவிளக்கு வெளிச்சத்தில் நடப்பது உங்கள் உச்சி இரவுக்கும் ஒத்திகையாகும். மே மாதக் கடைசியில் பிற்பகல் இடி மின்னல் வரும்போது அந்த இரும்பு ஏணிகளில் யாரும் இருக்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். ஜூன் நடுவில் மழை பிடித்துவிட்டால் பாறையெல்லாம் பாசி. அப்புறம் உங்களுக்கு மாடிப்படிதான்.

கேள்வி: கடும் வெயிலில் பயிற்சி செய்தால் உயரத்தில் ஆக்சிஜன் குறைவதற்கும் உடம்பு பழகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
— வாசகர், டோம்பிவிலி

பதில்: இரண்டும் வேறு வேறு. வெயிலில் ஒன்றிரண்டு வாரம் உழைத்தால் வியர்வை சீக்கிரமே சுரக்கப் பழகும். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும். ஆனால் அந்தப் பழக்கம் சில வாரங்களில் கரைந்துவிடும். கிளிமஞ்சாரோ உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. கல்சுபாயிலோ ஐந்தில் நான்கு பங்குக்குமேல் இருக்கிறது. உயரத்துக்குப் பழக உயரத்தில் இரவு தங்குவது ஒன்றே வழி. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துவதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு கொடுப்பதும் மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. வலுவான கால்கள் உயரநோயைத் தடுப்பதில்லை. வேகமாக ஏறிவிடுவதால் உடற்கட்டுள்ளவர்களே மாட்டிக்கொள்வதும் உண்டு. அங்குள்ள வழிகாட்டிகள் ‘போலே போலே’, அதாவது மெல்ல மெல்ல, என்று ஓயாமல் சொல்வது அதற்காகத்தான்.

கேள்வி: வெயில் நடைக்கு என்ன குடிக்க, என்ன சாப்பிட வேண்டும்? தயிர்சாதம் எடுத்துப் போகலாமா?
— வாசகி, மாட்டுங்கா

பதில்: மே மாதத்தில் தயிர்சாதத்தைப் பையில் வைத்தால் உச்சிக்குப் போவதற்குள் அது புளித்துவிடும், புளியோதரை தாங்கும், உப்பும் கிடைக்கும். நான்கைந்து மணி நேர நடைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். கோடையில் வழியிலுள்ள சுனைகளை நம்ப வேண்டாம். கையில் உள்ள மூன்று லிட்டரில் ஒரு லிட்டரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீரையே மணிக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலியும் குமட்டலும் வரும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பும் வழியில் ஊர்க்காரர்கள் ஓலைக் கூடையில் களாப்பழம் விற்பார்கள். அதற்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.