கொரங்காட்டுக்கு எதுக்குங்க மியாவாக்கி?

வணக்கங்க சார்,

தாராபுரம் பக்கத்துல தாத்தா வழியா வந்த 5 ஏக்கர் கொரங்காடு, அதான் மானாவாரி மேய்ச்சல் நெலம், எங்களுக்கு இருக்கு. நான் பெங்களூர்ல வேலை பாக்கறேன், காடு சும்மாதான் கெடக்குது, அங்கங்க வெள்வேல் மரம், மீதியெல்லாம் காஞ்ச புல்லு. போர் போட்டு, சொட்டுநீர் விட்டு, மொத்தத்தையும் மியாவாக்கி காடா, அதான் நெருக்கமா கன்னு நட்டு வளக்கற அடர்காடா, மாத்தலாம்னு ஆசை. ஊர்ல இல்லாம பாத்துக்கறதும் கஷ்டமா இருக்கு. என்ன பண்ணலாம்?

ஒரு வாசகர், பெங்களூர்

நண்பருக்கு,

தயவுசெஞ்சு அந்த நிலத்துல ஜேசிபி எறக்கிடாதீங்க. காஞ்ச புல்லுன்னு எழுதியிருக்கீங்களே, அது பெரும்பாலும் கொழுக்கட்டைப்புல்லா இருக்கும், மேல கருகிப்போனாலும் வேரு உசுரோடதான் இருக்கும், நல்லா ஒரு மழை பேஞ்சா பச்சை புடிச்சுரும். வருஷத்துக்கு சுமாரா 600 மில்லிமீட்டர் மழை, மேக்க இருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற, இந்த மண்ணுல தண்ணி ஊத்தாம நிக்கக்கூடியது இதுதாங்க. கீழ புல்லு, நடுவுல வெள்வேல், சுத்தியும் கிளுவை வேலி, இந்த மூணும் சேந்தாத்தான் கொரங்காடு, காங்கேயம் மாடு தலைமுறை தலைமுறையா மேஞ்சு வளந்தது இதுலதான். புல்லு தீந்துபோற கோடையில வெள்வேல் காய் உதிரும், ஆடு மாடு அதைத் தின்னு தாக்குப்புடிக்கும். கவுதாரி புல்லு மறைவுல முட்டை வைக்கும், பனங்காடை மரத்துல உக்காந்து பூச்சி பாத்துட்டு இருக்கும். நெருக்கமா மரம் வச்சீங்கன்னா நிழல்ல புல்லு செத்து, அதை நம்பி இருக்கற அத்தனையும் போயிரும்.

மியாவாக்கி முறையை நான் குறை சொல்லல. அகிரா மியாவாக்கி அதை உருவாக்குனது மழை நல்லா பெய்யற ஜப்பான்ல, அடர்காடு இருந்து அழிஞ்ச எடங்களுக்காக. சதுர மீட்டருக்கு 3, 4 கன்னு வச்சு மொத 2, 3 வருஷம் தண்ணி விட்டு வளக்கணும். அந்தந்த மண்ணுக்கு இயற்கையா எது உரியதோ அதைத்தான் வைக்கணும்னு அவரே சொன்னாரு, உங்க மண்ணுக்கு உரியது புல்லும் வெள்வேலும். கார்பன் பத்தி யோசிச்சீங்கன்னா, புல்லு அதை வேர்லயும் மண்ணுலயும் சேக்குது, கண்ணுக்குத் தெரியாததால யாரும் கணக்குல எடுக்கறதில்ல. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து இந்த மாதிரி நெலத்தையெல்லாம் தரிசுன்னே எழுதி வச்சுட்டாங்க, அதான் உங்களுக்கும் சும்மா கெடக்கற மாதிரி தெரியுது, எனக்கு அதுதான் வருத்தம்.

வேலை செய்யணும்னா நெறைய இருக்கு. சீமைக்கருவேலம் நொழைஞ்சிருந்தா வேரோட எடுங்க. வேலியில சந்து விழுந்த எடத்துல மழைக்கு முன்னாடி கிளுவைப் போத்து, அதான் வெட்டுன கிளைத்துண்டு, ஊனுங்க. மழை பேஞ்சதும் ஆடு மாட்டை உள்ள விட்றாதீங்க, புல்லு பூத்து வெதை கொட்டற வரைக்கும் பொறுக்கணும்.

ஊர்ல இல்லைன்னா மேய்ச்சலுக்குக் குத்தகை விடுங்க, உங்க பக்கம் வழக்கம்தானே. ஆனா ஒரு வருஷத்துக்குன்னு விடாதீங்க, அடுத்த வருஷம் தனக்கில்லைன்னு தெரிஞ்சா யாரா இருந்தாலும் மொட்டையடிச்சுட்டுத்தான் போவாங்க. 3, 4 வருஷத்துக்குப் பேசுங்க, எத்தனை உருப்படி ஆடு மாடு மேயலாம், எந்த மாசம் உள்ள விடக்கூடாதுங்கறதையும் அப்பவே பேசி எழுதிக்குங்க.