பாய்லர் இல்லாத ஃபிளாட் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, கிழக்கு லண்டனில் புதிதாகக் கட்டும் அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். வீட்டுக்குள் பாய்லர் இல்லை, ஹீட் நெட்வொர்க்காம். கார்பன் குறைவு என்கிறார் விற்பவர். பிடிக்காவிட்டால் கம்பெனியை மாற்றவே முடியாது என்கிறார் என் அண்ணன். என்ன செய்யலாம்?
— வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: அண்ணன் சொல்வது உண்மைதான். ஒரே இடத்தில் தண்ணீரைச் சூடாக்கி எல்லா வீடுகளுக்கும் குழாயில் அனுப்புகிறார்கள். அந்தக் குழாய் யாருடையதோ அவர்தான் உங்களுக்கு விற்பவர். வீட்டு காஸுக்கும் மின்சாரத்துக்கும் இருக்கும் விலை உச்சவரம்பும் இதற்குக் கிடையாது. 2022ல் காஸ் விலை ஏறியபோது இப்படிப்பட்ட கட்டடங்களில் இருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2023ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டம் இந்தத் துறையை, காஸ், மின்சார நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் அமைப்பின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. நியாயமாக அது எப்போதோ வந்திருக்க வேண்டும்.

ஆனாலும் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். இந்தக் குழாய்களை வரைந்து கணக்குப் போடுவதுதான் என் வேலை. நன்றாகத் திட்டமிட்டதும் ஏனோதானோ என்று போட்டதும் ஒரே பெயரில் விற்பனைக்கு வருகின்றன. நீங்கள் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், சூடு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். காஸ் எரித்து மின்சாரமும் சூடும் சேர்த்து எடுக்கும் எந்திரத்தை ஒரு காலத்தில் கார்பன் குறைந்தது என்றார்கள். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் கிடைத்தவரை அந்தக் கணக்கு சரி. கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டுவிட்டது. இன்றும் காஸ் எந்திரத்தைக் காட்டி யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். ஹீட் பம்ப், அதாவது சுற்றியுள்ள வெதுவெதுப்பை மின்சாரத்தால் இழுத்துச் சூடாக்கித் தரும் கருவி என்றால் நல்லது. இஸ்லிங்டனில் பன்ஹில் நெட்வொர்க் 2020 முதல், 1922லேயே மூடிய சிட்டி ரோடு பாதாள ரயில் நிலையத்தின் காற்றோட்டக் குழியிலிருந்து வரும் வெதுவெதுப்பை ஹீட் பம்ப்பால் எடுத்து வீடுகளுக்கு அனுப்புகிறது. வீணாகப் போகும் சூட்டை ஊரே சேர்ந்து பயன்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, பலரும் கேட்காமல் விடுவது: குழாயில் எத்தனை டிகிரி? கோடையிலும் குளிக்க வெந்நீர் வேண்டும், எனவே குழாய் வருடம் முழுவதும் இரவும் பகலும் சூடாகவே இருக்கும். குழாய் ஓடும் நடைவழிக் கூரையில் 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 டிகிரி தண்ணீர் ஓடினால் வித்தியாசம் 55. 55 டிகிரி தண்ணீர் ஓடினால் வெறும் 30. வழியில் கசியும் சூடு கிட்டத்தட்ட பாதியாகிறது. வெப்பம் தாழத் தாழ ஹீட் பம்ப்புக்கும் மின்சாரம் குறைவாகப் பிடிக்கும். கசிந்ததற்கும் சேர்த்துத்தான் உங்களிடம் யூனிட் விலை வாங்குவார்கள். அதே டெவலப்பர் முன்பு கட்டிய கட்டடத்துக்கு ஜூலையில் போய் நடைவழியில் நில்லுங்கள். வெளியைவிட உள்ளே புழுங்கினால் குழாய் உறை சரியில்லை, அல்லது வெப்பம் தேவைக்கு மேல் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், யூனிட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டாண்டிங் சார்ஜ் தனி. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் அது ஓடும். இதே அளவு ஃபிளாட்டுக்கு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு வீடு பாருங்கள்.

கேள்வி: 55 டிகிரி தண்ணீர் போதுமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.
— அதே வாசகி

பதில்: போதும். புது வீட்டுச் சுவரும் ஜன்னலும் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். ரேடியேட்டர் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது தரைக்கு அடியில் குழாய் ஓட வேண்டும். ரேடியேட்டர் அளவை எந்த வெப்பத்துக்குக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். 70 என்றால் 55ல் குளிரத்தான் செய்யும். வெந்நீர்த் தொட்டி வைத்த வீடென்றால் கிருமி வளராதிருக்க தொட்டி 60 டிகிரியில் இருக்க வேண்டும். சுவர்ப் பெட்டியிலேயே உடனுக்குடன் சூடாக்கித் தரும் அமைப்பில் தண்ணீர் தேங்குவதில்லை, அதனால் அந்தக் கவலை குறைவு.