மாற்றுச் சிறுநீரகம், மாற்றுக் கல்லீரல், நரம்பு அழற்சி: கேள்வி பதில்

கேள்வி: சிறுநீரகம் மாற்றி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்குகிறேன். அப்படியும் பார்வை நரம்பில் அழற்சி என்கிறார்களே, எப்படி?

பதில்: நியாயமான சந்தேகம். நோய் எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ், எதிர்ப்பு அணுக்களில் பெரும்பாலும் டி அணுக்கள் என்ற வகையைத்தான் அடக்குகிறது. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா போன்ற நோயில் நரம்பைத் தாக்கும் ஆன்டிபாடி, பி அணுக்கள் என்ற இன்னொரு வகையின் வழியில் உருவாவது. ஆனால் எனக்கு முதலில் எழும் கேள்வி வேறு: அது அழற்சிதானா? மாற்றுறுப்பு உள்ளவரின் ஸ்கேனில் தெரியும் திட்டு, எதிர்ப்பு குறைந்தவர்களின் மூளையைத் தாக்கும் ஜே.சி. வைரஸின் வேலையாக இருக்கலாம். பூஞ்சைத் தொற்றாகவோ, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தூண்டிய நிணநீர்ப் புற்றாகவோ இருக்கலாம். டாக்ரோலிமஸே மூளையின் பின்பகுதியில் நீர்கோக்க வைப்பதும் உண்டு. ஆகவே முடிந்தவரை ஸ்டீராய்டு ஏற்றுவதற்கு முன்பே முதுகுத்தண்டு நீரைச் சோதனைக்கு எடுத்துவிட வேண்டும். ஸ்டீராய்டு பட்டால் அந்தப் புற்று தற்காலிகமாகச் சுருங்கி, எல்லோரையும் ஏமாற்றும். அதற்காகப் பார்வை மங்கும்போது நாள்கணக்கில் காத்திருக்கவும் கூடாது.

கேள்வி: தினம் ஒரு கிராம் மெத்தில்பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு, ஐந்து நாள். சிறுநீரகம் தாங்குமா டாக்டர்?

பதில்: தாங்கும். உடல் மாற்றுறுப்பை நிராகரிக்கத் தொடங்கினாலும் இதே மருந்தைத்தான் ஏற்றுகிறோம். சர்க்கரையையும் தொற்றையும் கவனியுங்கள். பலன் போதாவிட்டால் பிளாஸ்மா மாற்று, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியைச் சுற்றுச் சுற்றாக எடுத்து மாற்றுவது. டாக்ரோலிமஸ் சிவப்பணுக்களில் ஒட்டியிருப்பதால் அதில் அதிகம் வெளியேறாது. பி அணுக்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் அப்படியல்ல; அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் அதைக் கடைசிச் சுற்று முடிந்த பிறகு கொடுப்பதே சரி.

கேள்வி: கல்லீரல் மாற்றிய என் மகளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை எதிர்ப்பு அணுக்களே தாக்கும் நோய். இன்டர்ஃபெரான் பழகிய மருந்து, பயமில்லை என்கிறார் ஒருவர்.

பதில்: மற்றவர்களுக்குச் சரி, உங்கள் மகளுக்கு வேண்டாம் என்பேன். நாம் அடக்கி வைத்த எதிர்ப்பை அது கிளறிவிடும். மாற்றுறுப்பை உடல் நிராகரிக்கத் தொடங்கலாம். கல்லீரலையும் அது சீண்டக்கூடியது. இதே நோய்க்கான இன்னொரு மருந்தான நட்டாலிசுமாப் வேறு வகை ஆபத்து: அடக்கு மருந்துகளோடு சேரும்போது ஜே.சி. வைரஸுக்கு வழி எளிதாகிறது. பி அணுவைக் குறைக்கும் மருந்தே என் விருப்பம், ஹெபடைட்டிஸ் பி சோதனைக்குப் பிறகு. அதைத் தொடங்கும்போது மைக்கோஃபெனோலேட் என்ற அடக்கு மருந்தைக் குறைக்கலாமா என்று இரு துறை மருத்துவர்களும் கலந்து பேசட்டும், நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.

கேள்வி: வலிப்புக்கு கார்பமசிபைன் எழுதியிருக்கிறார்கள்.

பதில்: அதனால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு சரிந்துவிடும். இன்றே உங்கள் உறுப்பு மாற்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொரு வலிப்பு மருந்தான லெவெடிராசெட்டாம் இந்தச் சிக்கலைத் தராது. சிறுநீரகம் வேலை செய்யும் வேகத்துக்கு ஏற்ப அளவை மட்டும் மாற்ற வேண்டும்.