டேப் டிரைவ் வாங்கியாகிவிட்டது. எப்படிப் பொருத்துவது, எப்படிப் பத்திரமாக இயக்குவது?

கேள்வி: தூத்துக்குடியில் திருமண வீடியோ ஸ்டூடியோ நடத்தி வருகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளில் எடுத்த வீடியோக்களும் படங்களும் 32 டெராபைட் அளவுக்குப் பல ஹார்ட் டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கின்றன. சென்ற ஆண்டு இரண்டு டிஸ்க்குகள் அடுத்தடுத்துச் செயலிழந்தன. அதனால், மேசைமேல் தனியாக வைத்து இயக்கும் எல்டிஓ-8 (காந்த நாடாவில் தரவைச் சேமிக்கும் எல்டிஓ வகையின் எட்டாம் தலைமுறை) டேப் டிரைவ் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். என் கணினியில் அதன் கேபிளைச் செருக இடமே இல்லை. எப்படிப் பொருத்துவது? இங்கே மின்வெட்டும் உண்டு, கடற்காற்றும் உண்டு. டேப்புகள் தாங்குமா? ஏற்றி முடித்ததும் பழைய டிஸ்க்குகளை அழித்துவிட்டு வேறு வேலைக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: நல்ல முடிவு எடுத்திருக்கிறீர்கள். டேப் பழங்காலத்துச் சமாசாரம் என்று சொல்பவர்களுக்கு நான் 2011 பிப்ரவரியில் நடந்ததைத்தான் சொல்வேன். மென்பொருள் கோளாறு ஒன்றால் ஜிமெயில் பயனர்களில் ஒரு சிறு பகுதியினரின் அஞ்சல்கள் மறைந்துபோயின. வெவ்வேறு தரவு மையங்களில் பல பிரதிகள் இருந்தும் கோளாறு அவற்றையும் தொட்டுவிட்டது. கூகுள் கடைசியில் டேப்பிலிருந்துதான் அவற்றை மீட்டது. அலமாரியில் இருக்கும் டேப்பை எந்த மென்பொருளும் எட்டித் தொட முடியாது. வைரஸுக்கும் இது பொருந்தும். ஆனால் டேப் மன்னிக்காத சில தவறுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை முதல் வாரத்திலேயே நடப்பவை.

முதலில் கேபிள். உங்கள் டிரைவில் இருப்பது சாஸ் இணைப்பு, அதாவது சர்வர்களில் டிஸ்க்கையும் டேப்பையும் இணைக்கும் முறை. அதை யுஎஸ்பியாக மாற்றித் தரும் எளிய கேபிள் எதுவும் கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள். கணினிக்குள் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் சாஸ் கேபிளைச் செருக இடம் தரும் ஹெச்பிஏ கார்டு ஒன்றைப் பொருத்த வேண்டும். எல்எஸ்ஐ 9300-8இ போன்றவை பழைய சர்வர் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். பெயரின் கடைசியில் வரும் 'இ' என்ற எழுத்தைக் கவனியுங்கள். இணைப்பு கணினியின் வெளிப்பக்கம் இருக்கிறது என்று அதற்குப் பொருள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு கார்டு வாங்கிவிடாதீர்கள், அவற்றில் பெரும்பாலானவை டேப்பைக் கண்டுகொள்வதே இல்லை. கேபிள் வாங்குமுன் டிரைவின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். வெளிப்புற சாஸ் இணைப்பில் 8088, 8644 என்று இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று மற்றொன்றில் நுழையாது. ஒரு முனை ஒரு வடிவமாகவும் மறுமுனை வேறு வடிவமாகவும் உள்ள கேபிளும் கிடைக்கிறது. இரண்டு மீட்டர் நீளம் போதும். இன்னொன்று, இந்தக் கார்டுகள் சர்வரின் பலத்த காற்றோட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. சாதாரணக் கேபினட்டில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். கார்டை நோக்கிக் காற்று வீசும்படி ஒரு சிறிய விசிறி வைத்துவிடுங்கள்.

டிரைவுக்கு இடம் பார்ப்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. தரையில் வைக்கக் கூடாது, வாசலை ஒட்டி வைக்கக் கூடாது. உங்கள் ஸ்டூடியோவில் பிரிண்டர் இருக்கும். அதன் பக்கத்தில் வைக்கவே கூடாது. காகிதத் தூசியும் டோனர் தூளும் டிரைவின் விசிறி வழியே நேராக, டேப்பில் எழுதிப் படிக்கும் ஹெட்டுக்குப் போகும். முன்னும் பின்னும் காற்றுப் போக இடம் விட்டு, மேசைமேல் சமதளமாக வையுங்கள். எர்த் உள்ள மூன்று முனை சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள்.

கணினியை முழுவதுமாக அணைத்துவிட்டுத்தான் கார்டையும் கேபிளையும் இணைக்க வேண்டும். பிறகு டிரைவை முதலில் ஆன் செய்யுங்கள். அது தன்னைத்தானே சோதித்து முடித்து விளக்குகள் அமைதியான பிறகு கணினியை ஆன் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் கணினிக்கு டிரைவ் தெரியாமல் போகலாம். இயங்கிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கிச் செருகிப் பார்க்கும் யுஎஸ்பி பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். டிரைவர் மென்பொருளை நிறுவியதும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டேப் டிரைவ் என்ற தலைப்பின் கீழ் உங்கள் டிரைவின் பெயர் வர வேண்டும்.

பழைய டிரைவ் என்பதால், எதையும் ஏற்றுமுன் அதைச் சோதித்தாக வேண்டும். ஹெச்பிஇ, ஐபிஎம் இரண்டுமே தங்கள் டிரைவ்களுக்கான சோதனை மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. புதிய வெற்று டேப் ஒன்றைப் போட்டு எழுதும் சோதனையையும் படிக்கும் சோதனையையும் முழுமையாக ஓட்டுங்கள். இதில் தேறாத டிரைவை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டேப் வாங்கும்போது அட்டையில் 30 டெராபைட் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அது இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு எழுதியது. உங்கள் வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது, மேலும் சுருங்காது. எல்டிஓ-8 டேப்பின் உண்மைக் கொள்ளளவு 12 டெராபைட். விண்டோஸ் அதை 11-க்கும் குறைவாகக் காட்டும். அது கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு, பயப்பட வேண்டாம். 32 டெராபைட்டுக்கு மூன்று டேப். இரண்டு தொகுப்புகள் வேண்டும், ஆக ஆறு டேப். கூடவே ஒரு சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜ். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7, எல்டிஓ-8 டேப்புகளை மட்டுமே ஏற்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்டிஓ-6 வாங்கினால் படிக்கக்கூட முடியாது.

டேப் கார்ட்ரிட்ஜ் ஒன்றைக் கையில் எடுத்து ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஒரு மூலையில் சிறிய கதவு இருக்கும். அதை விரல்நுனியால் லேசாகத் தள்ளினால் உள்ளே ஒரு சின்ன உலோக ஊசி செங்குத்தாக நிற்பது தெரியும். டேப்பின் முனை அதில்தான் கட்டப்பட்டிருக்கிறது. டிரைவ் அந்த ஊசியைக் கவ்வித்தான் டேப்பை வெளியே இழுக்கிறது. உள்ளே சுற்றியிருப்பது 960 மீட்டர் டேப். அதன் தடிமன் 5.6 மைக்ரான், தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அரை அங்குல அகலத்துக்குள் 6,656 தடங்கள். இப்போது கார்ட்ரிட்ஜ் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

எனக்கு அது அனுபவத்தில் தெரியும். ஓர் அச்சகத்தில் வேலை செய்து கொடுத்தபோது மேசையிலிருந்து ஒரு கார்ட்ரிட்ஜ் விழுந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை. கதவைத் திறந்து பார்க்காமல் அப்படியே டிரைவில் போட்டேன். ஊசி தன் இடத்திலிருந்து சாய்ந்திருக்கிறது. டிரைவ் அதைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டுப் பிழை விளக்கைப் போட்டது, கார்ட்ரிட்ஜை வெளியே விடவும் இல்லை. டிரைவைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு டேப்பையும் போடுமுன் கதவைத் திறந்து ஊசியைப் பார்க்காமல் நான் போட்டதில்லை. இரண்டு விநாடி வேலை. விழுந்த டேப்பை, ஊசி நேராக இருந்தாலும், புதிதாக எழுதப் பயன்படுத்தாதீர்கள். அதில் தரவு இருந்தால் ஒருமுறை படித்து வேறு டேப்புக்கு மாற்றிவிட்டு ஒதுக்கிவிடுங்கள்.

இனி எழுதும் வேலை. விண்டோஸில் முன்பு இருந்த பேக்கப் மென்பொருள் டேப்பைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. உங்களுக்கு, டேப்பில் கோப்புகளை எழுத உதவும் எல்டிஎஃப்எஸ் என்ற மென்பொருள் போதும். டிரைவைச் செய்த நிறுவனம் தரும் பதிப்பையே நிறுவுங்கள். டேப் ஒரு சாதாரண டிஸ்க் போலத் தெரியும், கோப்புகளை நகலெடுக்கலாம். ஆனால் அது டிஸ்க் அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. டேப்பிலிருக்கும் வீடியோக் கோப்புறையைத் திறந்து சின்னப் படங்களாகப் பார்க்க முயன்றால், ஒவ்வொரு படத்துக்கும் டிரைவ் நூற்றுக்கணக்கான மீட்டர் முன்னும் பின்னும் ஓடும். டேப்பில் வைத்தபடியே எடிட் செய்யவும் கூடாது. அழித்த கோப்பின் இடம், டேப்பை மறுபடி ஃபார்மட் செய்யும்வரை திரும்பக் கிடைக்காது.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிரைவுக்கும் டேப்புக்கும் ஆயுள் குறைவது பெரும்பாலும் இங்கேதான். உங்களுடையது போன்ற மேசை டிரைவ் நொடிக்கு 300 மெகாபைட் எழுதும். தரவு மெதுவாக வந்தால் அதுவும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் நொடிக்கு நூறு மெகாபைட்டுக்குச் சற்று மேலே ஓர் எல்லை உண்டு. அதற்கும் கீழே போனால் டேப் நின்று, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதும். திரும்பவும் நிற்கும். இதைத் தொழிலில் ஷூ ஷைனிங் என்பார்கள். காதால் கேட்டே கண்டுபிடித்துவிடலாம். நன்றாக ஓடும் டிரைவின் ஒலி ஒரே சீரான ரீங்காரம். டேப்பின் முனைக்குப் போய்த் திரும்பும்போது மட்டும் சிறு மாற்றம் இருக்கும். சில விநாடிக்கு ஒருமுறை ரீங்காரம் அறுந்து அறுந்து வந்தால் நகலெடுப்பதை நிறுத்துங்கள். பழைய யுஎஸ்பி டிஸ்க்கிலிருந்து நேராக டேப்புக்கு அனுப்பினால் இதுதான் நடக்கும். முதலில் கணினியிலுள்ள எஸ்எஸ்டி-க்கு மாற்றி, அங்கிருந்து டேப்புக்கு அனுப்புங்கள். ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாக எழுதவிடாமல், ஒரு திருமணத்துக்கு ஒரு கோப்பு என்று சுருக்காமல் கட்டிவிடுங்கள். முழு வேகத்தில் ஓடினால் ஒரு டேப் நிரம்ப ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும்.

அந்த 11 மணி நேரத்துக்குள் மின்சாரம் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரைவ், கணினி, தரவு வரும் டிஸ்க் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். டிரைவை மட்டும் விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்ப வேண்டாம். எந்தக் கோப்பு டேப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எல்டிஎஃப்எஸ் டேப்பிலேயே எழுதுகிறது; டேப்பை முறைப்படி விடுவிக்கும்போதுதான் அது முழுமையடைகிறது. ஆகவே மின்சாரம் போனதும் நகலை நிறுத்தி, மென்பொருள் வழியாக டேப்பை வெளியே எடுத்துவிட வேண்டும். யுபிஎஸ் 20 நிமிடம் தாங்கினால் அதற்குப் போதும். உள்ளே டேப் இருக்கும்போது டிரைவின் சுவிட்சை அணைக்கவே அணைக்காதீர்கள். எப்போதாவது அப்படி நேர்ந்துவிட்டால் பதறி ஃபார்மட் செய்ய வேண்டாம். எல்டிஎஃப்எஸ்ஸோடு வரும் சரிபார்ப்பு மென்பொருளைக் கொண்டு பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

சுத்தம் செய்வது பற்றி: டிரைவ் விளக்கு மூலம் கேட்கும்போது மட்டும் சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜைப் போடுங்கள். ஐபிஎம் டிரைவாக இருந்தால் திரையில் 'சி' என்ற எழுத்து வரும். அந்தக் கார்ட்ரிட்ஜ் ஹெட்டை உராய்ந்துதான் துடைக்கிறது, வாரம் ஒருமுறை போட்டால் ஹெட் தேய்ந்துவிடும். பஞ்சும் ஸ்பிரிட்டும் வேண்டவே வேண்டாம். பெயர் ஒட்டும் தாளை அதற்கென்று விட்டிருக்கும் பள்ளத்தில் மட்டும் ஒட்டுங்கள். வேறெங்கு ஒட்டினாலும் அது டிரைவுக்குள் உரிந்து நிற்கும். பழைய டேப்பைக் காந்தம் கொண்டு அழிக்கும் கருவியில் வைத்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் எழுதிய வழிகாட்டித் தடங்களும் அழிந்து டேப் குப்பைக்குத்தான் போகும்.

கடற்காற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீண்ட காலம் வைக்க 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் சரியான அளவு. அப்படி வைத்தால் 30 ஆண்டு வரை இருக்கும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. தூத்துக்குடியில் திறந்த அலமாரியில் அது நடக்காது. ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பெட்டியில், சிலிக்கா ஜெல் போட்டு, பத்து ரூபாய் நோட்டுக் கட்டு மாதிரி படுக்க வைக்காமல், கார்ட்ரிட்ஜ்களைச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துப் போடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெக்கையான அறைக்குக் கொண்டுவந்த டேப்பை உடனே டிரைவில் போடக் கூடாது. அதன் உறையிலேயே 24 மணி நேரம் அந்த அறையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் டேப்பின்மேல் ஈரம் கோத்துக்கொள்ளும்.

இரண்டாவது தொகுப்பு உங்கள் ஊரிலேயே இருக்கக் கூடாது. 2023 டிசம்பர் பெருமழையை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருநெல்வேலியும் அதே வெள்ளத்தில் தத்தளித்ததால் அங்கே வைப்பதிலும் பயனில்லை. மதுரையிலோ அதற்கு அப்பாலோ உறவினர் வீட்டு மாடியில் வைக்கச் சொல்லுங்கள். எந்த டேப்பில் யார் திருமணம் என்ற பட்டியலை ஒரு நோட்டில் எழுதி, அதன் நகலையும் அந்தப் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, பழைய டிஸ்க்குகளை அழிக்கலாமா என்பது. இப்போது கூடாது. நகல் முடிந்தது என்று திரையில் வந்தால் எழுதியாயிற்று என்றுதான் பொருள், திரும்பப் படிக்க முடியும் என்று அல்ல. எழுதுமுன் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எடுத்து வைத்து, பிறகு ஆறு டேப்புகளையும் முழுவதும் படித்து ஒப்பிடுங்கள். டேப்புக்கு இன்னொரு 11 மணி நேரம் ஆகும், ஆகட்டும். முடிந்தால் வேறொருவரின் எல்டிஓ-8 அல்லது எல்டிஓ-9 டிரைவிலும் ஒரு டேப்பைப் படித்துப் பாருங்கள். பழைய டிரைவின் ஹெட் சற்று விலகியிருந்தால், தான் எழுதியதைத் தானே படிக்கும், மற்ற டிரைவ்கள் படிக்காது. ஏதாவது ஒரு திருமணத்தின் வீடியோவை டேப்பிலிருந்து எடுத்து முதல் காட்சியிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். இதெல்லாம் சரியாக வந்த பிறகு டிஸ்க்குகளை விடுவிக்கலாம்.

உங்கள் டிரைவுக்கு வயதாகும்போது எல்டிஓ-9 டிரைவ் இந்த டேப்புகளை அப்படியே படிக்கும். 2025-இல் வந்த எல்டிஓ-10 படிக்காது. அதனால் எல்டிஓ-9 டிரைவ்கள் கடைகளில் இருக்கும்போதே ஒன்றை வாங்கி வைக்கப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.