எக்ஸும் காணோம் ஒய்யும் காணோம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2எக்ஸ் + 3ஒய் = 7, 4எக்ஸ் + 6ஒய் = 21. நீக்கல் முறையில, அதாவது ஒண்ணை நீக்கிட்டு இன்னொண்ணைக் கண்டுபிடிக்கிற முறையில போட்டா எக்ஸும் போயிடுது ஒய்யும் போயிடுது, கடைசில 0 = 7னு நிக்குது. மூணு தடவை போட்டாச்சு. எங்க தப்பு பண்றேன்?

பதில்: நீங்க தப்பே பண்ணலங்க. முதல் சமன்பாட்டை 2ஆல பெருக்குங்க, 4எக்ஸ் + 6ஒய் = 14னு வரும், ஆனா இரண்டாவது சமன்பாடு அதே 4எக்ஸ் + 6ஒய்யை 21ங்குது, ஒரே தொகை 14ஆவும் 21ஆவும் எப்படி இருக்கும்? இருக்காது. அப்போ தீர்வு இல்லை, அதைத்தான் அந்த 0 = 7 சொல்லுது. கிராஃப்ல வரைஞ்சா இரண்டு கோடும் இணையா போகும், எங்கயும் வெட்டிக்காது. 21க்கு பதிலா 14 இருந்திருந்தா 0 = 0னு வந்திருக்கும், அப்போ இரண்டும் ஒரே கோடு, அதுல இருக்கிற எந்தப் புள்ளியும் விடைதான், எண்ணற்ற தீர்வுகள். இந்த இடத்துல எக்ஸ் = 0, ஒய் = 0னு எழுதிட்டு வர்ற பிள்ளைங்களைப் பார்த்தா மனசு கேக்காது, அதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் போட்டிருப்பாங்க.

கேள்வி: முறை தெரியுது, ஆனா கழிக்கிறப்போ எப்பவும் குறி மாறிப்போகுது. என்ன பண்ண?

பதில்: பாதிப் பேருக்கு மார்க் போறதே இங்கதான். 3எக்ஸ் + 2ஒய் = 12, கீழ 3எக்ஸ் − 5ஒய் = −9. அவசரத்துல 2லருந்து 5, 12லருந்து 9னு கழிச்சு −3ஒய் = 3னு எழுதிடுவோம். கழிக்கவே கழிக்காதீங்க. கீழ் வரியில எல்லா குறியையும் மாத்தி −3எக்ஸ் + 5ஒய் = 9னு தனியா ஒரு வரி எழுதிட்டு கூட்டுங்க, 7ஒய் = 21, ஒய் 3, எக்ஸ் 2. அப்புறம் சரிபார்க்கிறப்போ எக்ஸ் கண்டுபிடிக்க எந்த சமன்பாட்டுல போட்டீங்களோ அதுலயே திரும்பப் போடாதீங்க, தப்பான ஒய்யா இருந்தாலும் அது சரின்னுதான் காட்டும். இன்னொண்ணுல போடுங்க: 6 − 15 = −9, சரி. முன்னாடி அவசரத்துல எழுதின −3ஒய் = 3ல ஒய் = −1னு வரும், அதை முதல் சமன்பாட்டுல போட்டா 3எக்ஸ் = 14, அதைக் கொண்டுபோய் இரண்டாவதுல வெச்சா 14 + 5 = 19, −9 எங்க 19 எங்க, உடனே மாட்டிக்கும்.

கேள்வி: இந்த நீக்கல் முறையை கண்டுபிடிச்சது ஜெர்மன் கணித மேதை காஸ்தானா?

பதில்: பேருதான் அவரோடது. சீனாவோட 'ஒன்பது அத்தியாயங்கள்'ங்கிற கணித நூல் ஏறக்குறைய 2000 வருஷம் பழசு, அதுல எட்டாவது அத்தியாயம் முழுக்க இதேதான், கெழுக்களை (எக்ஸ், ஒய்க்கு முன்னாடி நிக்கிற எண்களை) குச்சிகளா பலகையில அடுக்கி, பெருக்கி, கழிச்சு ஒவ்வொண்ணா நீக்குவாங்க. கி.பி. 263ல லியூ ஹுய்ங்கிற சீனக் கணித அறிஞர் அதுக்கு உரை எழுதினார், மிகை எண்ணுக்கு சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்கு கறுப்புன்னு சொல்லியிருக்கார். அந்த அத்தியாயத்தோட முதல் கணக்கு மூணு தரத்து தானியக் கட்டு பத்தினது: 3எக்ஸ் + 2ஒய் + இசட் = 39, 2எக்ஸ் + 3ஒய் + இசட் = 34, எக்ஸ் + 2ஒய் + 3இசட் = 26. எக்ஸ் 9¼, ஒய் 4¼, இசட் 2¾ வரணும், போட்டுப் பாருங்க.