கச்சான் காலத்தில் வால்வு அம்பிளிபயர்

கேள்வி: லண்டனில் இருந்த பெரியப்பா ஊருக்குத் திரும்பியபோது தன்னுடைய வால்வு அம்பிளிபயரை எனக்குத் தந்தார். சத்தத்தைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களான ஈஎல்34 வால்வுகள் நாலு அதில் இருக்கின்றன. ஹோலில் ஷோகேசின் நடுத்தட்டில் வைத்திருக்கிறேன். எங்களுடையது சீற் கூரை வீடு. ஆடி மாதத்தில் ஒரு மணித்தியாலம் பாட்டுக் கேட்டால் ட்ரான்ஸ்போமரில் கை வைக்க முடியவில்லை. "இது குளிர் நாட்டுச் சாமான், இஞ்ச சரிவராது, வித்துப்போடு" என்கிறார்கள். விற்றுவிடவா, ஐயா? (வாசகர், கல்லடி)

பதில்: விற்க வேண்டாம், தம்பி. கச்சான் காற்று வீசும் காலத்து வெக்கை வால்வை ஒன்றும் செய்யாது. வால்வுக்குள் எலெக்ட்ரோனை வெளிவிடும் பாகமான கதோட்டு 700 பாகைக்கு மேல் சூடேறினால்தான் வேலையே செய்யும். வெளிக் கண்ணாடி 200 பாகைக்குக் கிட்டப் போகும். அறை 24 பாகையா 34 பாகையா என்பது அதற்குத் தெரியவும் தெரியாது. அந்தப் பத்துப் பாகை போய்ச் சேருவது பக்கத்தில் நிற்கும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கொண்டென்சர்களிடம். எலெக்ட்ரோலிட்டிக் கொண்டென்சரின் சூடு பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. லண்டனில் இருபது வருடம் உழைத்தது, இங்கே ஷோகேசுக்குள் எட்டுப் பத்து வருடத்தில் வீங்கிப்போகும்.

ஷோகேசுக்குள் எவ்வளவு சூடு சேருகிறது என்று பாருங்கள். ஒரு ஈஎல்34இல் கதோட்டைச் சூடாக்கும் ஹீட்டர் மட்டும் 6.3 வோல்ட்டில் 1.5 அம்பியர் எடுக்கும். நாலுக்கும் சேர்த்து 38 வாட். வால்வின் உள்தகடான பிளேட்டில் ஒவ்வொன்றும் 15 வாட் என்றாலும் 60 வாட். சின்ன வால்வுகளையும் ட்ரான்ஸ்போமரின் சூட்டையும் சேர்த்தால் 120 வாட்டைத் தாண்டும். சத்தத்தைக் குறைத்தால் இது குறையாது. பாட்டே போடாமல் விட்டாலும் இதே சூடுதான். உங்கள் பக்கத்தில் கோழிக்குஞ்சுப் பெட்டிக்குள் 100 வாட் குண்டு பல்ப் போட்டுக் குஞ்சுகளைச் சூடாக வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேசின் நடுத்தட்டும் அப்படி ஒரு பெட்டிதான்.

எனக்குப் பதினாறு வயதில் தொழில் பழக்கிய பெரியவரோடு கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு லவுட்ஸ்பீக்கர் செற் கொண்டு போவோம். செட்டிபாளையம், காரைதீவு என்று ஒரு கோயில் முடிய அடுத்த கோயில். எல்லாம் வால்வு அம்பிளிபயர். கதவு திறந்த நேரத்திலிருந்து குளிர்த்தி பாடி முடியும்வரை இரவு பகலாக ஓடும். அவர் செய்தது இவ்வளவுதான்: கிடுகுக் கொட்டிலில் பலகையைப் போட்டு, அதன்மேல் நாலு செங்கல்லை மூலைக்கொன்றாக வைத்து அம்பிளிபயரை ஏற்றுவார். பின்மூடியைக் கழற்றிவிடுவார். மேலே ஒரு துண்டுக் கடதாசி வைக்கவும் விடமாட்டார். "அடியால காத்துப் போனாத்தான் மேலால சூடு போகும், மனே" என்பார். அந்தச் செற்றுகளில் ஒன்றுகூடக் கோயிலடியில் நின்றுபோனதை நான் காணவில்லை.

ஆகவே முதல் வேலை, அதை ஷோகேசிலிருந்து இறக்குங்கள். பாரம் தாங்கும் ஒரு மேசையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேலே இரண்டு அடி திறந்த வெளி விட்டு வையுங்கள். அடியில் பின்னல் விரிப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். வீட்டுப் பெண்கள் ஆசையாகப் பின்னிப் போட்டிருப்பார்கள், ஆனால் அடித்தகட்டில் உள்ள காற்றுத் துளைகளை அதுதான் அடைக்கும். மரக்கட்டை வைத்து இரண்டு அங்குலம் உயர்த்தினால் இன்னும் நல்லது. சிடி பிளேயரை அதன் மேல் வைக்கவே கூடாது.

ஃபேன் வேண்டுமென்றால், பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் ஃபேனை 7 அல்லது 9 வோல்ட் அடப்டரில் ஓட்டுங்கள். சத்தம் கேட்காது. பின்பக்கமாக வைத்து, காற்று கொண்டென்சர் நிற்கும் பக்கத்தால் உரசிப் போகும்படி திருப்புங்கள். சீலிங் ஃபேனை நம்ப வேண்டாம். சீற்றுக்குக் கீழே தேங்கி நிற்கும் வெக்கையைத்தான் அது திரும்ப இறக்கும்.

இனி ட்ரான்ஸ்போமர். இரும்பு 60 பாகைக்கு வந்தாலே கையை எடுத்துவிடுவோம். அந்தச் சூட்டைத் தாங்கும்படிதான் ட்ரான்ஸ்போமரைச் சுற்றியிருக்கிறார்கள். அதனால் சுடுகிறது என்பதற்காகப் பயப்படத் தேவையில்லை. வார்னிஷ் கருகும் மணம் வந்தாலோ, 'ம்ம்' என்ற உறுமல் முன்பைவிடக் கூடினாலோ உடனே நிறுத்துங்கள். பின்பக்கத்தில் வோல்ட்டேஜ் மாற்றும் கட்டை இருந்தால் அது எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். 220இல் நின்று, உங்கள் வீட்டு மின்சாரம் 240 வந்தால், ஹீட்டருக்கு 6.3க்குப் பதிலாக 6.8 வோல்ட்டுக்கு மேல் போகும், ட்ரான்ஸ்போமரும் வீணாகச் சுடும். கட்டையை 240க்கு மாற்றினால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

பயஸ் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டு இல்லாதபோது வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்க வேண்டும் என்று வைக்கும் அளவுதான் அது. ஈஎல்34இன் பிளேட் தாங்கும் எல்லை 25 வாட். அதில் 70 வீதம் வைக்கச் சொல்வது வழக்கம். நான் இங்கே 60 வீதத்துக்கு மேல் வைப்பதில்லை. பிளேட்டில் 430 வோல்ட் இருந்தால் 35 மில்லி அம்பியர். கதோட்டில் 10 ஓம் றெசிஸ்டர் இருந்தால் மீற்றரில் 0.35 வோல்ட் காட்டும். நாலு வால்விலும் சேர்த்துப் பத்து வாட் சூடு குறையும். நாதஸ்வரமும் பறையும் போட்டுக் கேட்டுப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன், என் காதுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் இந்த வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொண்டென்சரில் 400 வோல்ட் நிற்கும். தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

கேள்வி: என் அம்பிளிபயரில் ஒரு வால்வின் உள்தகடு செம்மஞ்சளாகப் பழுக்கிறது. மற்ற மூன்றும் சாதாரணமாக இருக்கின்றன. வெயில் காலம் என்பதால்தானா? ஃபேன் வைத்தால் போதுமா? (வாசகர், காத்தான்குடி)

பதில்: ஃபேன் வைத்துப் பார்க்க வேண்டாம், நானா. இப்போதே நிறுத்துங்கள். நடுவில் ஹீட்டர் மங்கலாகச் சிவந்திருப்பது இயல்பு. சுற்றியுள்ள தகடு பழுத்தால் அந்த வால்வு எல்லை மீறிக் கரண்ட் இழுக்கிறது என்று அர்த்தம். சில நிமிடத்தில் வால்வும், விட்டால் ஸ்பீக்கருக்குப் போகும் அவுட்புட் ட்ரான்ஸ்போமரும் போய்விடும். வால்வை மாற்றலாம். பழைய அவுட்புட் ட்ரான்ஸ்போமருக்கு எங்கே போவது?

திருத்துபவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: அந்த வால்வை இன்னொன்றோடு இடம் மாற்றி ஒரு நிமிடம் மட்டும் பார்க்கட்டும். தகடு பழுப்பது வால்வோடு போனால் வால்வு பழுது. அதே இடத்தில் நின்றால் சுற்றில் பிழை. பயஸ் ஸ்குறூ உள்ள செற் என்றால் பயஸ் வந்து சேரும் ஐந்தாம் காலில் மைனஸ் 35, 40 வோல்ட் இருக்க வேண்டும். அது பூச்சியப் பக்கமாகக் குறைந்திருந்தால் பெரும்பாலும், முன் வால்விலிருந்து பாட்டைக் கடத்தும் கப்ளிங் கொண்டென்சர் கசிகிறது. பழைய மெழுகுக் கடதாசிக் கொண்டென்சர்கள் எங்கள் ஈரத்துக்கும் வெக்கைக்கும் நிற்பதில்லை. அதே அளவில் 630 வோல்ட் பிலிம் கொண்டென்சர் போடச் சொல்லுங்கள். கப்ளிங் கொண்டென்சர் நாலையும் ஒன்றாக மாற்றுவது நல்லது.

கடற்கரை ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு. உப்புக் காற்றில் சொக்கற்றின் பிடி பச்சை பிடித்து, ஐந்தாம் கால் சரியாகத் தொடாமல் விடும். பயஸ் அறுந்தால் தகடு பழுக்கும். 2004இல் கடல் வந்த பிறகு உப்பேறிய செற்றுகளை மாதக்கணக்காகக் கழுவியிருக்கிறேன். அப்போது கண்டது இது. கொண்டென்சர்களில் நிற்கும் மின்சாரம் முழுதாக இறங்கிய பின், ஈர்க்கில் மெல்லிய துணி சுற்றி, கொன்டாக்ட் கிளீனர் தொட்டு, ஓட்டை ஓட்டையாகத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போடக் கூடாது. பூச்சு உரிந்தால் இன்னும் சீக்கிரம் பச்சை பிடிக்கும்.

கேள்வி: அடிக்கடி போட்டு நிறுத்துவதைவிட நாள் முழுக்க ஓடவிடுவது வால்வுக்கு நல்லது என்கிறார்கள். உண்மையா? (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: கோயில் வேலைக்குச் சரி மகள், வீட்டுக்குத் தேவையில்லை. அடுத்த ஒரு மணித்தியாலத்துக்குப் பாட்டுக் கேட்கப் போவதில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். தினமும் மூன்று மணித்தியாலம் ஓடினாலே மாதம் 11 யூனிட் வரும். மின்சாரம் நின்றால் சுவிட்சையும் நிறுத்தி, கரண்ட் வந்து நிலைத்த பிறகு போடுங்கள். தூசுத்துணியை மூடுமுன் அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள்.