அப்டேட் போட்டேன், மோடம் போச்சு

மோடம் வாங்குவதைப் பற்றிப் போன முறை இரண்டு வரி எழுதினேன். அதற்குத் தண்டனையாக இந்த முறை வந்த கடிதமெல்லாம் மோடம். சிம் போட்டு இணையம் எடுக்கிற டாங்கிள், பாக்கெட் ரவுட்டர், வீட்டில் வைக்கிற பெரிய பெட்டி எல்லாம் இதில் அடக்கம். பெரும்பாலானவை ஃபர்ம்வேரைப் பற்றி, அதாவது கருவிக்குள்ளேயே குடியிருந்து அதை இயக்குகிற மென்பொருளைப் பற்றி. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்களின் பெயர்களையும் அவர்களுக்கு நீங்கள் கொடுத்த பட்டங்களையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் ‘புதிய பதிப்பு உள்ளது’ என்று ஒரு மாதமாகக் காட்டுகிறது. மோடம் நன்றாகத்தான் ஓடுகிறது. ‘ஓடுகிறதை ஏன் நோண்டுகிறாய்’ என்கிறார் கணவர். போடலாமா? (எஸ்.க.)

பதில்: போடுங்கள். மின்விசிறி விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது சரி. மோடம் அப்படியல்ல, இருபத்து நான்கு மணி நேரமும் வெளியுலகைப் பார்த்து நிற்கிற வாசல் கதவு அது. 2017 அக்டோபரில், வைஃபையைக் காக்கிற டபிள்யூபிஏ2 முறையிலேயே ‘க்ராக்’ என்ற ஓட்டை இருப்பது வெளியானது. 2018 மே மாதத்தில், ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற தீநிரல் குறைந்தது 54 நாடுகளில் ஐந்து லட்சம் கருவிகளுக்குள் புகுந்திருப்பது தெரிந்தது. பெரும்பாலும் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள். அவையெல்லாம் அன்றைக்கும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

மோடம் தன் பக்கத்தில் தானே காட்டுகிற அப்டேட், அந்த மாடலுக்கென்றே அனுப்பப்பட்டது. அதனால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிக் கவலை மின்சாரம். பழையதை அழித்துப் புதியதை எழுதுகிற அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால், உள்ளே பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. எப்படி எழுந்திருப்பது என்றே தெரியாத கருவி செங்கல்லுக்குச் சமம். சில மாடல்களில் இரண்டு பிரதிகளுக்கு இடம் உண்டு, ஒன்று கெட்டால் இன்னொன்றில் எழுந்துவிடும். உங்களுடையது எந்த வகை என்று பெட்டியில் போட்டிருக்க மாட்டார்கள். ஆகவே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட் ரவுட்டர் என்றால் முழுக்க சார்ஜ் ஏற்றி, சார்ஜரோடேயே விட்டு அப்டேட் போடுங்கள். டாங்கிள் என்றால் லேப்டாப்பின் பேட்டரியிலும் சார்ஜ் வேண்டும், சார்ஜர் வயரும் செருகியிருக்க வேண்டும். பாதியில் திரை தூங்கிப் போகாதபடி ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள். டாங்கிளை நேராக யுஎஸ்பி துளையில் செருகுங்கள். ஒரு துளையைப் பல துளையாக்குகிற ஹப் வேண்டாம், நீட்டிப்பு வயரும் வேண்டாம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் டாங்கிளை, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய நாலு துளை ஹப்பில் செருகி அப்டேட் போட்டேன். 63 சதவீதத்தில் மேசை லேசாக ஆடியது. அவ்வளவுதான். அந்த ஹப் இன்னும் வீட்டில் இருக்கிறது, டாங்கிள்தான் இல்லை.

ஆரம்பிக்கும் முன் ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் இணையத்துக்குள் நுழைகிற வாசலின் பெயர்), வைஃபை பெயர், கடவுச்சொல் இருக்கிற பக்கங்களை ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். டேட்டா மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் அப்டேட்டும் உங்கள் சிம் கணக்கில்தான் இறங்கும். அப்புறம், விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். அரை மணி நேரம் ஆனாலும் பொறுத்திருங்கள்.

கேள்வி: அப்டேட் போட்டால் வேகம் கூடுமா? பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று இருக்கிறது, எனக்கு 12 தாண்டவில்லை. (வ.ப.)

பதில்: கூடாது. 150 என்பது ‘கேட்டகிரி 4’ என்ற 4ஜி வேக வகையைச் சேர்ந்த கருவியின் உச்சவரம்பு, உங்களுக்குக் கொடுத்த வாக்குறுதி இல்லை. ஜன்னலோரம் நகர்த்திப் பாருங்கள், செலவில்லை.

கேள்வி: மாடல் எண் ஒன்றுதான், கடைசி எழுத்து மட்டும் வேறு. ஒரு வீடியோவின் கீழே இருந்த லிங்க்கிலிருந்து ஃபர்ம்வேரை இறக்கினேன். ஆன்டிவைரஸ் தடுத்தது, அதை அணைத்துவிட்டுப் போட்டேன். இப்போது விளக்கே எரியவில்லை. வாரன்டி இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. கேட்டால் மாற்றித் தருவார்களா? (டி.ர.)

பதில்: தர மாட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் தர மாட்டேன்.

‘கடைசி எழுத்து மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, வீட்டுச் சாவியில் ஒரு பல் மட்டும் வேறாக இருந்தால் கதவு திறக்குமா? ஹுவாவேயின் இ3372 உலகம் முழுக்கப் புழங்குகிற டாங்கிள். அதில் இ3372எச், இ3372எஸ் என்று இரண்டு உண்டு. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே சிப் வேறு, ஒன்றின் ஃபர்ம்வேர் மற்றதற்கு ஆகாது. அந்த ஓர் எழுத்துக்காகத்தான் கருவியின் முதுகிலோ பேட்டரிக்கு அடியிலோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஹார்டுவேர் பதிப்பு இருந்தால் அதுவும் பொருந்த வேண்டும். காவல்காரர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார், அவரைத் தூங்கவைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறீர்கள். அப்புறம் என்னிடம் வந்து வாரன்டி கேட்கிறீர்கள்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. கணினியில் செருகி, டிவைஸ் மேனேஜரில் புதிதாக ஏதாவது தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் பூட்லோடர், அதாவது கருவியை முதலில் எழுப்புகிற சின்ன நிரல், உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு, தெரிந்த மெக்கானிக் சரியான கோப்பை மறுபடி எழுதிவிடலாம். எதுவுமே தோன்றாவிட்டால், மூடியைக் கழற்றி போர்டில் ஒரு புள்ளியை ஊசியால் கிரவுண்டோடு தொடவைத்து எழுப்புகிற முறை சில மாடல்களுக்கு உண்டு. அதற்கும் வீடியோ இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டாம். மெக்கானிக்கிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ‘தானாகவே நின்றுவிட்டது’ என்று சொன்னால் அவருக்கு ஒரு நாள் வீண், உங்களுக்குக் கூலி அதிகம்.

கேள்வி: தயாரிப்பாளரின் தளத்தில் என் மாடலுக்குப் புதிய பதிப்பு இருக்கிறது. மோடமோ ‘அப்டேட் எதுவும் இல்லை’ என்கிறது. தளத்தில் இருப்பதை இறக்கிப் போடலாமா? (ந.)

பதில்: மோடத்தின் முகப்பில் ஏதாவது சிம் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா? இருந்தால் வேண்டாம். அந்த மோடங்களுக்கு அந்த நிறுவனம் தனியாக மாற்றிச் சோதித்த ஃபர்ம்வேர்தான் வரும், தாமதமாகத்தான் வரும். முத்திரை இல்லையென்றால், ஸ்டிக்கரில் இருக்கிற முழு மாடல் எண்ணும் ஹார்டுவேர் பதிப்பும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் போடலாம். கோப்புக்குப் பக்கத்தில் எஸ்எச்ஏ-256 என்று நீளமாக ஓர் எண் கொடுத்திருந்தால், இறக்கிய கோப்பின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

கேள்வி: ‘எல்லா சிம்மும் போடலாம்’ என்று சொல்லி ஒரு பழைய மோடத்தை விற்றார்கள். மூன்று மாதம் ஓடியது. அப்டேட் என்று கேட்டது, சம்மதித்தேன். இப்போது என் சிம்மைப் போட்டால் ஏதோ கோட் கேட்கிறது. விற்றவர் ‘நீங்கள் நோண்டியதால்தான்’ என்கிறார். மகளின் படிப்புக்காக வாங்கியது. தப்பு என்னுடையதா? (ம.லெ.)

பதில்: இல்லை அம்மா, உங்களுடையது இல்லை. அப்டேட் கேட்டது, போட்டீர்கள். எல்லோரையும் அப்படித்தான் செய்யச் சொல்கிறேன்.

நடந்தது அநேகமாக இதுதான். அந்த மோடம் ஒரு சிம் நிறுவனத்துக்கென்று பூட்டப்பட்டது. முறைப்படி கோட் வாங்கிப் பூட்டைத் திறந்திருந்தால் சாதாரணமாக அது திறந்தே இருக்கும். விற்றவர் அந்தச் சிரமமெல்லாம் எடுக்காமல், பூட்டைக் கண்டுகொள்ளாத ஒரு திருத்திய ஃபர்ம்வேரை ஏற்றி விற்றிருக்கிறார். அசல் ஃபர்ம்வேர் வந்ததும் பழைய பூட்டு திரும்பிவிட்டது. பூட்டு எப்போதும் அங்கேதான் இருந்தது, அதன்மேல் ஒரு துணி போட்டு மூடி விற்றார்கள். நீங்கள் நோண்டியதால் துணி விலகியது என்பதுதான் அவருடைய வாதம்.

முதலில், யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அடித்துப் பார்க்காதீர்கள். முயற்சிக்கு வரம்பு உண்டு, ஹுவாவே மோடங்களில் பொதுவாக பத்து. அது தீர்ந்தால் சரியான கோட்டையும் மோடம் ஏற்காது. அடுத்து, ஸ்டிக்கரில் இருக்கிற 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் (கருவியின் அடையாள எண்) செட்டிங்ஸ் பக்கத்தில் தெரிகிற எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் மோடத்தை மேற்கொண்டு பயன்படுத்த வேண்டாம். அந்த எண்ணை மாற்றுவது பல நாடுகளில் குற்றம், உங்கள் புகாருக்கும் அது பலம். ஒன்றாகவே இருந்தால், முத்திரை போட்ட சிம் நிறுவனத்திடமே கோட் கேட்டுப் பாருங்கள், கொடுக்கிற நிறுவனங்கள் உண்டு.

விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம், எழுத்தில். ‘எல்லா சிம்மும் போடலாம்’ என்று அவர் அனுப்பிய செய்தியோ விளம்பரமோ இருந்தால் இப்போதே படம் எடுத்து வையுங்கள், நாளைக்கு அது காணாமல் போகும். ‘இன்ன வார்த்தை சொல்லி விற்றீர்கள், பொருள் அப்படி இல்லை’ என்று இரண்டே வரி எழுதுங்கள். அழுகையும் கோபமும் அதில் வேண்டாம், அவற்றை எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பழைய 3ஜி டாங்கிளில் ஃபர்ம்வேரை மாற்றி 4ஜி ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? (கோ.)

பதில்: நம்பாதீர்கள். 4ஜிக்கு வேண்டிய சிப்பும் ரேடியோ பாகங்களும் அதற்குள் இல்லை.

கேள்வி: புது மோடம் வாங்கப் போகிறேன். பெட்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்? (ஜே.அ.)

பதில்: உங்கள் சிம் நிறுவனம் பயன்படுத்துகிற அலைவரிசை பேண்டுகள் எல்லாம் மோடத்தின் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வன்பொருளில் இல்லாத பேண்டை எந்த அப்டேட்டும் கொண்டுவராது. அதற்கு மேல் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அது பெட்டியில் இருக்காது. என் வயிற்றெரிச்சலே அதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாத்திரை அட்டையைத் திருப்பினால் காலாவதித் தேதி இருக்கிறது. மோடத்துக்கு? அதற்கும் காலாவதி உண்டு. அப்டேட் அனுப்புவதைத் தயாரிப்பாளர் நிறுத்துகிற நாள்தான் அது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படுகிற ஒவ்வொரு ஓட்டையும் திறந்தே கிடக்கும். அந்தத் தேதியை மட்டும் யாரும் பெரிதாக அச்சடிக்க மாட்டார்கள். வேகத்தைக் கால்வாசிப் பெட்டிக்கு அச்சடிப்பார்கள்.

சொல்கிற எனக்கே இது நடந்தது. சீல் பிரிக்காத பாக்கெட் ரவுட்டர் ஒன்றைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். புதுசு, சீல், பாதி விலை. மூன்றும் ஒன்றாக வந்தால் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஃபர்ம்வேர் பதிப்பைப் பார்த்தால் ஆறு வருடப் பழசு. தயாரிப்பாளரின் தளத்துக்குப் போனால் அந்த மாடலின் பக்கத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். நான் வாங்கியது புதுப்பெட்டியில் வைத்த பழைய சரக்கு. கடையில் கேட்டேன். ‘நீங்கள் கேட்கவில்லையே’ என்றார்கள். உண்மைதான், கேட்கவில்லை.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொண்டிருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணைகிற நுகர்வோர் கருவிகளுக்குக் குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்பு அப்டேட் தரப்படும் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். எல்லாக் கருவிக்கும் ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரே கடவுச்சொல் வைப்பதற்கும் அங்கே தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது, அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயம். அதன்படி பொதுவாக குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் தர வேண்டும். பொருளின் ஆயுளே அதைவிடக் குறைவென்றால்தான் விலக்கு.

இந்தச் சட்டங்கள் உங்களுக்குப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் ஒரு லாபம் உண்டு. ஒரே மாடல் பல நாடுகளில் விற்கிறது, அங்கே சொல்லியாக வேண்டிய தேதியை நீங்களும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஃபோனை எடுத்து, அந்த மாடலின் ஆதரவுப் பக்கத்தைத் திறந்து, கடைசி ஃபர்ம்வேர் எப்போது வந்தது என்று பாருங்கள். பக்கமே இல்லையென்றால் மோடத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை வருகிறது, இணையம் வரவில்லை. பழைய பதிப்புக்கே போய்விடலாமா? (யூ.)

பதில்: அவசரப்படாதீர்கள். ஏபிஎன் அழிந்திருக்கும், அதைப் பழையபடி எழுதி மோடத்தை அணைத்துப் போடுங்கள். அதுவும் சரிப்படாவிட்டால் ஃபேக்டரி ரீசெட் செய்து, எல்லாவற்றையும் புதிதாக நிரப்புங்கள். ரீசெட் செய்தால் செட்டிங்ஸ் பக்கத்தின் கடவுச்சொல்லும் தொழிற்சாலையில் வைத்ததற்கே திரும்பிவிடும், மறக்காமல் மாற்றுங்கள். பின்னோக்கிப் போவதைப் பல மோடங்கள் அனுமதிப்பதில்லை. வற்புறுத்திப் போட்டால் அடுத்த முறை டி.ர. போல எழுதுவீர்கள்.

கேள்வி: ராத்திரியில் மோடம் தானாகவே அப்டேட் போட்டுக்கொண்டது. காலையில் சிவப்பு விளக்கு மட்டும். சர்வீஸ் சென்டரில் ‘கரண்ட் போயிருக்கும், வாரன்டி கிடையாது’ என்கிறார்கள். அன்று கரண்ட் போகவே இல்லை. (ச.வே.)

பதில்: வாரன்டி இருக்கிறது, விடாதீர்கள். நீங்கள் எதையும் இறக்கவில்லை, எதையும் ஏற்றவில்லை. அவர்களுடைய கோப்பு, அவர்களுடைய சர்வரிலிருந்து, அவர்கள் வைத்த நேரத்தில் வந்திருக்கிறது. அப்படியே கரண்ட் போயிருந்தாலும், ஆள் தூங்குகிற நேரத்தில் தானாக எழுதிக்கொள்ளும்படி அமைத்தது யார்? ‘வாரன்டி கிடையாது’ என்பதைக் காரணத்தோடு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை எழுதித் தரச் சொன்னவுடன் குரல் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மாறாவிட்டால் பில், அந்தக் கடிதம், எந்த இரவு நடந்தது என்ற விவரம் மூன்றையும் தயாரிப்பாளருக்கே அனுப்புங்கள். அங்கேயும் நகரவில்லை என்றால் நுகர்வோர் புகார். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் என்ன மோடம் வைத்திருக்கிறீர்கள்? (பெயர் வேண்டாம்)

பதில்: சொல்ல மாட்டேன். சொன்னால் அதைப் பற்றிய புகார்களும் எனக்கே வரும். வாங்கி நாலு வருடமாகிறது, போன மாதம்கூட அப்டேட் வந்தது. போட்டு முடியும்வரை மேசையை யாரையும் தொடவிடவில்லை.